பார்க்க வேண்டிய இடங்கள்

அரசங்குறிச்சியில் பார்க்க என்ன இருக்கிறது என்று
தங்க வருகிறவர்கள் கேட்கிறார்களாம்.
மாடி அறை இரண்டை வாடகைக்கு விடும் மெஹருன்னிசா
ஒரு தாளில் வரைந்து தரச் சொன்னாள்,
அம்புக்குறியோடு.

நான் பகுதிநேர ஓவிய ஆசிரியன்.
மே மாதம் எனக்குச் சம்பளம் கிடையாது.
வரைந்தேன்.

ஆறு அப்போது வெறும் மணல்.
ஆகவே பாதையை ஆற்றுக்குள்ளேயே போட்டேன்:
படித்துறையில் இறங்கி மேற்கே திரும்பவும்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது,
எட்டரைக்கு மேல் போட்டுக்கொள்வது நல்லது.
ரயில் பாலத்தின் நிழல் நாற்பது அடி அகலம்;
பாசஞ்சர் போகும்போது அடியில் நின்றால்
பல் கூசும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.
அடுத்து மின்கம்பியில் ஒரு பனங்காடை.
உட்கார்ந்திருக்கையில் அதில் ஒன்றுமில்லை,
மண் நிறம்.
பறக்கும்வரை காத்திருக்கவும்.

நாணல் புதரை வலப்பக்கமாகச் சுற்றவும்.
கடைசியில் ஏழு கண் மதகு,
ஆறு கண்ணுக்குத்தான் பலகை ஏறி இறங்கும்.
கரையேறிப் பருத்திக் கொல்லை வழியாகத் திரும்பினால்
மொத்தம் ஐயாயிரத்து முந்நூறு எட்டு,
என் காலுக்கு.

நடுவில் மணல் அள்ளிய குழி இருக்கிறது.
இரண்டு ஆள் ஆழம்.
அதைப் போடாதே, பயந்துவிடுவார்கள் என்றாள் மெஹருன்னிசா.
சிவப்பில் ஒரு வட்டம் மட்டும் போட்டேன்,
பெயர் எழுதவில்லை.

ஆனி பிறந்து ஒரு சனிக்கிழமை
ஓசூரிலிருந்து வந்தார்கள் டார்த்தியும் ஜெயசீலனும்.
நடப்பதற்கென்றே தைத்த காலணி,
கழுத்தில் பைனாகுலர்,
என் வரைபடம் பிளாஸ்டிக் உறைக்குள்.
அணை திறந்து பத்து நாள் ஆகியிருந்தது.
எங்கள் ஆற்றுக்கு முறை எப்போது என்று
யாருக்கும் சரியாகத் தெரியாது.

பாலம் பார்த்தார்கள். பல் கூசியது.
பனங்காடை இருபது நிமிடம் பறக்கவில்லை.
பறந்தபோது
ஜெயசீலன் குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

சிவப்பு வட்டத்தின் விளிம்பில் நிற்கையில்
டார்த்தி கையை உயர்த்தினாள்.
எதிரே, மணலின் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

வெள்ளம் என்று சொல்ல முடியாது.
ஒரு ஈரம், ஓரத்தில் நுரை,
முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது
சருகு, ஒற்றைச் செருப்பு, கட்டெறும்புக் கும்பல்,
ஒரு பல்பொடி டப்பா.
மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவனின் நடை.
அதற்கும் இந்தப் பாதைதான் போலிருக்கிறது.

வந்தது,
குழியில் விழுந்தது.
பிறகு நகரவில்லை.
மேற்கே ஆறு வந்துகொண்டே இருக்க
கிழக்கே ஒரு சொட்டும் இல்லை.
அரைமணி நேரம்
இந்தக் கரையில் நாங்கள் மூவரும்
அந்தக் கரையில் நாரைகளும்
ஒரு குழி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
குடத்தில் கேட்கும் சத்தம், பெரிதாக.
இதுதான் மூன்றாவது இடமா என்றாள் டார்த்தி.
நான் தாளைப் பார்த்தேன்.
ஆமாம் என்றேன்.

நிறைந்ததும் விளிம்பில் கொஞ்சம் தயங்கி
எங்கள் பக்கம் வழிந்தது.
பின்பக்கமாகவே நடந்தோம், அதைப் பார்த்தபடி.
காலணியைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு
ஜெயசீலன் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்,
விரலைத் தொடட்டும் என்று.

படித்துறையில் லஸ்கர் அஞ்சப்பன் நின்றிருந்தார்,
ஆறு பலகையும் தூக்கிவிட்டு சைக்கிளில் வந்தவர்,
உள்ளங்கை முழுக்கக் கிரீஸ்.
வரைபடத்தை வாங்கி, உறையை அழுக்காக்கி,
தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.
'மதகு இருக்கு. என்னைய எங்க போட்டிருக்க?'

பாதி வாடகையைத் திருப்பித் தரட்டுமா என்று
மெஹருன்னிசா மாடிப்படியில் கேட்டாள்.
நாளைக்கும் அறை காலியாக இருக்கிறதா என்று
அவர்கள் கேட்டார்கள்.

இரவு தாளின் தலைப்பில் எழுதினேன்:
தை முடிந்து, ஆனி வரும்வரை செல்லும்.
மதகின் பக்கத்தில் சின்னதாக
ஒரு சைக்கிள் வரைந்தேன்.